ஆணிடமும் அதே கேள்விகள்: நிர்வாணப் படப்பிடிப்பில் சம்மதம் பற்றி

நிர்வாணப் புகைப்படங்கள் எடுப்பவள் என்று சொன்னதும் என்னிடம் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பொண்ணுங்க இதுக்கு எப்படி ஒத்துக்குறாங்க?" ஆண்கள் எப்படி ஒத்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணின் சம்மதம் எப்படியாவது வாங்கிவிட வேண்டிய ஒன்று, ஆணின் உடம்புக்குச் சம்மதமே தேவையில்லை, இந்த இரண்டு நினைப்பும் அந்த ஒற்றைக் கேள்விக்குள் இருக்கின்றன. கேமராவுக்கு முன்னால் சில காலம் மாடலாக நின்று, பிறகு அதற்குப் பின்னால் போனவள் நான். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. ஒரு படப்பிடிப்பில் சம்மதத்தை உண்மையிலேயே மதிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, பெண்ணிடம் கேட்கும் அத்தனை கேள்விகளையும் ஆணிடமும் கேட்கிறார்களா என்று பார்த்தாலே போதும்.

இந்த ஏற்றத்தாழ்வு கேமராவோடு வந்ததல்ல. லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைக்கழகத்தை 1768இல் தொடங்கியவர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஏஞ்சலிகா காஃப்மனும் மேரி மோசரும். சில ஆண்டுகளில் ஜோஹான் சோஃபனி அந்த அகாடமியின் உறுப்பினர்களை ஒரே ஓவியத்தில் வரைந்தார். நிர்வாண ஆண் மாடல்களைச் சுற்றி ஆண்கள் நின்றும் உட்கார்ந்தும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறைக்குள் பெண்கள் இருக்கக் கூடாது என்பதால் காஃப்மனும் மோசரும் சுவரில் மாட்டிய இரண்டு உருவப்படங்களாக மட்டுமே இடம்பெற்றார்கள். அதே அகாடமியில் மாணவிகள் ஆண் மாடலைப் பார்த்து வரைவதற்கு 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் மாடலின் இடுப்பில் துணி இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் தாமஸ் ஈக்கின்ஸ் என்ற ஓவியர், மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை எடுத்துவிட்டார் என்று பெரும் சர்ச்சையாகி, 1886இல் பிலடெல்பியா கலைக்கழகத்தை விட்டே போக நேர்ந்தது.

புகைப்படத்திலும் கதை மாறவில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் இமோஜென் கன்னிங்ஹாம் 1915இல் தன் கணவரை ரெய்னியர் மலையில் நிர்வாணமாகப் படம் எடுத்தார். அவை வெளியானபோது எழுந்த கண்டனத்தில், பல பத்தாண்டுகளுக்கு அந்த நெகட்டிவ்களை அவர் வெளியே எடுக்கவே இல்லை. பெண் உடலை எடுத்த ஆண்களுக்கு அந்தக் காலத்தில் கலைஞர் என்ற பட்டம் எளிதாகக் கிடைத்தது. 1989இல் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழுவினர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீன ஓவியப் பிரிவில் எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு சுவரொட்டி போட்டார்கள். அங்கே இருந்த கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் படைப்புகளில் 85 சதவீதம் பெண் உடலைக் காட்டுபவை. அருங்காட்சியகத்துக்குள் நுழைய ஒரு பெண் ஆடையைக் களைந்தாக வேண்டுமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஸ்டுடியோவுக்குள் இரண்டு பேர் நுழையும்போது இந்த வரலாறும் கூடவே நுழைகிறது. ஒருவர் உடை அணிந்திருக்கிறார், கையில் கருவி இருக்கிறது, லைட் எங்கே வைப்பதென்று அவர்தான் முடிவு செய்கிறார், மெமரி கார்டும் அவரிடம்தான். மற்றவரிடம் இருப்பது அவருடைய உடம்பு மட்டும். இந்த நிலையில் "உங்களுக்கு ஓகேதானே?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஓகே என்றுதான் சொல்வார்கள். அந்த ஓகேவை நம்பி வேலையைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாடலாக இருந்த நாட்களில் ஒரு படப்பிடிப்பு. உடை மாற்றி, அங்கி போட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் ரிலீஸ் படிவத்தை, படங்களைப் பயன்படுத்தச் சம்மதம் தரும் படிவத்தை, கையில் கொடுத்தார்கள். லைட் எரிந்துகொண்டிருக்கிறது, உதவியாளர்கள் காத்திருக்கிறார்கள், நான் வெறுங்காலோடு நிற்கிறேன். மூன்று பக்கப் படிவம். "ஸ்டாண்டர்டுதான், எல்லாரும் போடுறதுதான்" என்றார்கள். எந்த ஊடகத்திலும், எந்த நோக்கத்துக்கும், எக்காலத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது. சட்டப்படி நான் சுயநினைவோடு போட்ட கையெழுத்துதான் அது. ஆனால் அந்த நேரத்தில், அந்தக் கோலத்தில், ஒருவர் படிவத்தை நிதானமாகப் படித்துவிட்டு "இந்த வரியை எடுத்துடுங்க" என்று சொல்வார் என்று எதிர்பார்க்க முடியுமா?

அதனால் இப்போது என் முதல் விதி நேரம் சம்பந்தப்பட்டது. படிவம் படப்பிடிப்புக்குப் பல நாள் முன்னாலேயே மாடலின் கைக்குப் போய்விடும். அவர் தன் வீட்டில், தன் உடையில், வேண்டியவர்களிடம் காட்டி, படித்துவிட்டுத் திருத்தங்களோடு அனுப்புவார். எடுக்கலாம் என்ற அனுமதியில் மட்டும் முன்கூட்டியே கையெழுத்து. வெளியிடலாம் என்ற அனுமதிக்குத் தனிப் படிவம், படங்களைப் பார்த்த பிறகுதான் அதில் கையெழுத்து. பார்க்காத படத்தை வெளியிட ஒருவர் எப்படிச் சம்மதிக்க முடியும்? இதைக் கேட்டுச் சில புகைப்படக்காரர்கள் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். "எடுத்ததெல்லாம் வீணாப் போயிடுமே" என்பார்கள். போகலாம்தான். பயிற்சிக்காக எடுத்தோம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சம்மதத்தை நான் நான்காகப் பிரித்து வைத்திருக்கிறேன்: எடுக்க, மற்றவர்களுக்குக் காட்ட, என்னிடம் வைத்திருக்க, பொதுவில் வெளியிட. ஒன்றுக்குச் சரி என்றால் மற்றதற்கும் சரி என்று ஆகிவிடாது. எனக்கு மட்டும் இருக்கட்டும், ஒரு பிரின்ட் போதும், உங்களிடம் கோப்பே வேண்டாம் என்பவர்கள் உண்டு. கண்காட்சியில் வைக்கலாம், இணையத்தில் வேண்டாம் என்பவர்கள் நிறைய. முகம் தெரியக் கூடாது என்பார்கள். அப்போது முகம் மட்டும் மறைந்தால் போதாது. பச்சை குத்தியிருப்பது, மச்சம், தழும்பு, மோதிரம், பின்னால் தெரியும் ஜன்னல், இவற்றில் ஏதோ ஒன்று போதும், தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். போனில் எடுத்த படமென்றால் அதற்குள் இடம், நேரம் எல்லாம் பதிவாகியிருக்கக்கூடும். நான் போனில் எடுப்பதே இல்லை. எடுத்தது தானாகவே கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், பிறகு எத்தனை கருவிகளில் நகல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

நோக்கம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடன் மாடல் லேனா ஃபோர்சென் கதை போதும். 1972 நவம்பர் பிளேபாய் இதழில் அவருடைய நிர்வாணப் படம் வந்தது. 1973இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணினியில் படக் கோப்புகளின் அளவைச் சுருக்கும் ஆராய்ச்சி செய்தவர்களுக்குச் சோதனைக்கு ஒரு நல்ல படம் தேவைப்பட்டது. கையில் கிடைத்த அந்த இதழிலிருந்து தோளுக்கு மேலே உள்ள பகுதியை 512க்கு 512 பிக்சலில் ஸ்கேன் செய்தார்கள். அதன்பிறகு அரை நூற்றாண்டு, உலகம் முழுக்கக் கணினிப் பாடப்புத்தகங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அந்தப் படம்தான். இதழுக்குக் கொடுத்த சம்மதத்தை ஆய்வகம் தனதாக எடுத்துக்கொண்டது. யாரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. மாடலிங்கிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டேன், தொழில்நுட்பத்திலிருந்தும் ஓய்வு பெறும் நேரம் வந்துவிட்டது என்று பின்னாளில் அவரே சொன்னார். மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇயின் கணினிச் சங்கம் 2024 ஏப்ரல் 1 முதல் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதை நிறுத்தியது. அத்தனை ஆண்டுகளில் அந்தத் துறைக்குள் நுழைந்த எத்தனையோ பெண்கள், தங்கள் வகுப்பறைத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தபடிதான் படித்திருக்கிறார்கள்.

இனி ஆண்கள். நான் ஆண்களைப் படம் எடுக்கத் தொடங்கியபோது, பெண்களுக்கு அனுப்பும் அதே படிவத்தையும் கேள்விகளையும் அனுப்பினேன். உடலின் எந்தப் பகுதி படத்தில் வர வேண்டாம்? அறையில் யார் இருக்கலாம்? கூட யாரையாவது அழைத்துவர விரும்புகிறீர்களா? ஒருவர் போனில் கூப்பிட்டுச் சிரித்தார். "இதெல்லாம் என்கிட்ட எதுக்கு மேடம் கேக்குறீங்க? ஆம்பளைக்கு என்ன இருக்கு இதுல? நீங்க சொல்ற மாதிரி நின்னுட்டுப் போறேன்."

"இருந்தாலும் ஒரு தடவை நிதானமாப் படிச்சுட்டு எழுதி அனுப்புங்க" என்றேன்.

அனுப்பினார். எல்லாக் கேள்விக்கும் "பிரச்சினை இல்லை" என்றே எழுதியிருந்தார். படப்பிடிப்பன்று அங்கியைக் கழற்றியதும் அவருடைய தோள்கள் காதுவரை ஏறிவிட்டன. கைகள் இரண்டும் முன்னால் வந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. மார்பிலும் வயிற்றிலும் தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அரைகுறையாக விட்டுக்கொண்டிருந்தார். சட்டை போட்டபடி கம்பீரமாக நடந்து வந்தவர்தான் அவர். நான் கேமராவை மேஜையில் வைத்து லென்ஸ் மூடியைப் போட்டேன். அங்கியைக் கொடுத்து உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: சின்ன வயதிலிருந்து மார்பைப் பற்றி எல்லோரும் கேலி செய்வார்களாம், அதைப் பக்கவாட்டில் காட்ட வேண்டாமே என்று. படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருந்தது. அதில் எழுத அவருக்குக் கை வரவில்லை, ஏனென்றால் ஆண் என்றால் இதற்கெல்லாம் கூச்சப்படக் கூடாது என்று அவருக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

அன்று முதுகுப் பக்கம் மட்டுமே எடுத்தோம். அந்தப் படங்களில் ஒன்று நான் எடுத்தவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அவர் வெளியிட வேண்டாம் என்றார், வெளியிடவில்லை.

ஆண் மாடல்களிடம் வேலை செய்பவர்கள் வெளிப்படையாகப் பேச வேண்டிய இன்னொன்று இருக்கிறது. உடம்பு சில நேரம் தன்னிச்சையாக எதிர்வினை காட்டும். குளிர், பதற்றம், லைட்டின் சூடு என்று எதனாலும் அது நடக்கலாம். அது சம்மதத்தின் அடையாளமும் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "அப்படி ஏதாவது ஆச்சுன்னா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், அங்கியைப் போட்டுக்கிட்டுத் தண்ணி குடிச்சுட்டு வாங்க. அந்த நேரத்துல நான் எடுக்க மாட்டேன்." இந்த நான்கு வார்த்தை சொன்ன பிறகு பலருடைய முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துக் கிண்டல் செய்யும் புகைப்படக்காரர்களும் உண்டு, ஆண்களும் பெண்களுமாக. ஒரு பெண் மாடலின் உடலைப் பற்றி அப்படிப் பேசினால் அறையே அதிரும், ஆணிடம் பேசினால் நகைச்சுவையாகிவிடுகிறது. இரண்டும் ஒரே குற்றம்தான்.

சட்டத்திலும் இந்தப் பாகுபாடு எட்டிப் பார்க்கிறது. இந்தியாவில் 2013இல் குற்றவியல் சட்டத்தில் சேர்ந்த ஒரு பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, மிக நல்ல விளக்கம் ஒன்றைச் சொல்கிறது: படம் எடுக்கச் சம்மதித்தவர் அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். நான் பிரித்துச் சொன்ன சம்மதங்களில் இரண்டைச் சட்டமே பிரித்துவிட்டது. ஆனால் அந்தப் பிரிவின் சொற்களில் பாதிக்கப்படுபவர் பெண் மட்டும்தான். ஆண் பாதிக்கப்பட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவுக்குப் போக வேண்டும், அது பாலினம் பார்க்காமல் யாருடைய அந்தரங்கப் பகுதியின் படமானாலும் பொருந்துகிறது. இங்கிலாந்தில் 2015இல் கொண்டுவந்த சட்டம் மன வேதனை தரும் நோக்கில் அந்தரங்கப் படங்களைப் பரப்புவதை யாருக்கு எதிராகச் செய்தாலும் குற்றமாக்கியது. பெண்கள்தான் மிக அதிகமாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக ஆணின் உடலைச் சட்டத்துக்கு வெளியே விட வேண்டியதில்லை. ஆணின் உடம்பைப் பொருட்படுத்தாத இடத்தில், பெண்ணின் உடம்பை மட்டும் விசேஷமாகப் பாதுகாக்கிறோம் என்ற பேச்சு, அவளைப் பொருளாகப் பார்ப்பதன் மறுபக்கமாகவே முடிகிறது.

படப்பிடிப்பு நடக்கும் அறைக்கு வருகிறேன். உடை மாற்றத் தனி இடம், உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு. அங்கிருந்து அங்கியோடு வருவார்கள், எடுக்கத் தயாரான பிறகே அங்கியைக் கழற்றுவார்கள், ஒவ்வொரு இடைவெளியிலும் போட்டுக்கொள்வார்கள். ஆடை களைவதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நிர்வாணமாக நிற்பதைவிடக் கழற்றும் அந்தச் சில நொடிகள்தான் கூச்சமானவை என்று பல மாடல்கள் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நமக்கு வியர்த்தால்தான் அவர்களுக்குச் சரியாக இருக்கும். முந்தைய நாளே இறுக்கமில்லாத உடையில் வரச் சொல்லிவிடுவேன், எலாஸ்டிக் பதிந்த தடம் தோலில் மறைய நேரம் பிடிக்கும். எங்கள் எல்லோருடைய போன்களும் வாசலில் உள்ள பெட்டிக்குள் போய்விடும், என்னுடையதும். மாடலின் போன் மட்டும் அவரிடமே இருக்கும். பதினெட்டு வயது நிறைந்ததற்கான அடையாள அட்டையை நேரில் பார்க்காமல் எதுவும் தொடங்காது. "போன மாசமே ஆயிடுச்சு" என்ற வாய்ச்சொல்லுக்கு இங்கே இடமில்லை.

மாடலை நான் தொடுவதில்லை. முடி ஒதுக்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் காட்டுவேன். கை எங்கே இருக்க வேண்டுமென்று என் கையை வைத்துக் காட்டுவேன், அவர் பார்த்துச் செய்வார். பேச்சும் அப்படித்தான். "செக்ஸியா ஒரு லுக் குடுங்க", "செம்மையா இருக்கீங்க" போன்ற பேச்சு என் ஸ்டுடியோவில் கிடையாது. "இடது தோளை ஜன்னல் பக்கம் திருப்புங்க, முழங்கால் கொஞ்சம் மடியட்டும், மூச்சை விடுங்க" என்று மூட்டுகளையும் வெளிச்சத்தையும் பற்றி மட்டுமே பேசுவேன். பாராட்டுவதும் படத்தைத்தான், உடம்பை அல்ல. உடம்பைப் பாராட்டத் தொடங்கினால் அடுத்த போஸில் பாராட்டு வராதபோது அவர் மனம் தேடத் தொடங்கும், மறுப்பதற்கான துணிவு அங்கே கரையும்.

லென்ஸ் மூடியைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். எங்களுக்குள் அது ஓர் ஒப்பந்தம். மூடி போட்டிருந்தால் நான் எடுக்கவில்லை என்று அர்த்தம். போஸ் மாற்றும்போதும், குனிந்து எதையாவது எடுக்கும்போதும், தும்மும்போதும் கிளிக் செய்யும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது, "இயல்பா வரும்" என்பார்கள். உடை போட்டிருப்பவரிடம் அது இயல்பு. நிர்வாணமாக இருப்பவர் எந்த உருவத்தில் பதிவாக ஒப்புக்கொண்டாரோ அதற்கு வெளியே எடுப்பது, கேட்காமல் எடுப்பதுதான். கேமராவைக் கேபிளில் இணைத்து, மாடலுக்குத் தெரியும்படி திரையை வைத்துவிடுவேன். அவர் தன் உடலை நான் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கோணம் பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே சொல்வார், அவர் கண்முன்னே அழித்துவிடுவேன். இதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஒருமுறை திரையைப் பார்த்த பிறகு போஸை அவரே யோசிக்க ஆரம்பிக்கிறார். பெண்கள் சொல்லும் யோசனைகளில் பெரும்பாலானவை பழைய நிர்வாணப் படங்களில் இல்லாத கோணங்கள்: உட்கார்ந்து பாதத்தைப் பார்ப்பது, முதுகைச் சொறிவது, நேராகக் கேமராவை முறைப்பது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புகைப்படக்காரர் பெண் என்பதாலேயே அறை பாதுகாப்பானதாக ஆகிவிடாது. "நானும் பொண்ணுதானே, என்கிட்ட என்ன வெக்கம்?" என்பது, ஆண் சொல்லும் "நான் புரொஃபஷனல், என்னை நம்புங்க" என்பதைப்போலவே ஓர் அழுத்தம். கையில் கேமராவும் முடிவெடுக்கும் உரிமையும் இருந்தால் அதிகாரம் என்னிடம்தான் இருக்கிறது. ஓர் ஆண் மாடல் தன் மனைவியையோ நண்பரையோ அழைத்துவர விரும்பினால் எனக்கு அதில் அவமானம் எதுவுமில்லை. கூட வருபவர் ஒருவர் இருப்பது எல்லோருக்கும் நல்லது, எனக்கும் சேர்த்து.

பணம் கொடுத்தால் சம்மதம் வந்துவிட்டதா? 1907இல் ஜெர்மனியில் இயற்றிய ஒரு சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இறந்து கிடந்த முன்னாள் ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க்கை இரண்டு பேர் திருட்டுத்தனமாகப் படம் எடுத்ததற்குப் பிறகு வந்த சட்டம் அது. ஒருவரின் உருவப்படத்தை அவர் அனுமதியோடுதான் பரப்பலாம் என்கிறது. சந்தேகம் எழுந்தால், கூலி வாங்கியிருந்தால் அனுமதித்ததாகக் கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அதனால்தான் கூலியையும் சம்மதத்தையும் ஒரே வரியில் எழுதாதீர்கள் என்று மாடல்களிடம் சொல்வேன். நின்ற நேரத்துக்குக் கூலி. நடுவில் வேண்டாமென்று எழுந்துபோனாலும் பேசிய கூலி முழுதாகக் கிடைக்கும் என்று எழுதி வையுங்கள். எழுந்து போனால் பணம் போய்விடும் என்றால் எழுந்து போகும் உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது. கூலிக்குப் பதிலாகப் படங்கள் என்ற ஏற்பாடு புதியவர்களுக்கு நல்லதாகத் தோன்றும். அப்போதும் இந்த வரி எழுத்தில் இருக்கட்டும். ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஒருவரிடம் 2001 முதல் 2016 வரை மாடலாக இருந்த காவோரி, 2018இல் வெளிப்படையாக எழுதினார்: ஒப்பந்தம் என்று எதுவுமே இருந்ததில்லை, தன் பெயரிலும் உருவத்திலும் வந்தவை தன்னைக் கேட்காமல் வந்தன என்று. கலையின் பெயரால் எழுத்தைத் தவிர்ப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

எடிட்டிங்கும் சம்மதத்தில் சேர்த்தி. இடுப்பைக் குறைப்பது, பிரசவத் தழும்பை அழிப்பது, ஆணுக்குத் தசையைக் கூட்டுவது எல்லாம் அவர் கொடுத்த உடலை வேறொன்றாக மாற்றுவது. பரு, எலாஸ்டிக் தடம் போன்ற அன்றைக்கு மட்டும் இருந்தவற்றை நீக்கலாமா என்று கேட்பேன், என்றைக்கும் இருப்பதைத் தொட மாட்டேன். செயற்கை நுண்ணறிவுக்கு இந்தப் படங்களைக் கொடுக்க மாட்டேன், இதிலிருந்து வேறு உருவம் எதுவும் உருவாக்க மாட்டேன் என்று இப்போது படிவத்தில் தனி வரி இருக்கிறது. பழைய படிவங்களில் உள்ள "எந்த நோக்கத்துக்கும்" என்ற சொற்கள் இந்தக் காலத்தில் எவ்வளவு ஆபத்தானவை என்று கையெழுத்துப் போட்டவர்கள் பலருக்குத் தெரியாது.

மனம் மாறினால்? இதில்தான் நேர்மை மிகவும் தேவை. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று சொல்லிவிட்டு நிறுத்துவது பாதி உண்மை. என் தளத்திலிருந்து எடுத்துவிட முடியும், கோப்பை அழித்துவிட முடியும், அடுத்த கண்காட்சியில் வைக்காமல் இருக்க முடியும். விற்றுப்போன பிரின்ட்டை வாங்கியவர் வீட்டுச் சுவரிலிருந்து திரும்பக் கொண்டுவர முடியாது, இணையத்தில் யாரோ சேமித்துக்கொண்ட நகலைத் தேடிப் பிடிக்க முடியாது. இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதி, மாடல் படித்த பிறகே வெளியீட்டுக் கையெழுத்து வாங்குகிறேன். அச்சுப் பிரதி எத்தனை என்பதற்கும் உச்சவரம்பு எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மாடல்களுக்கு ஒரு கடிதம் போகும்: உங்கள் படங்கள் இன்னமும் இங்கே இருக்கின்றன, இருக்கட்டுமா? திருமணம், குழந்தை, வேலை, மதம், உடல் என்று வாழ்க்கை மாறியிருக்கும். காரணம் கேட்பதில்லை. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2015இல் ஒரு வழக்கில், காதலின்போது சம்மதத்தோடு எடுத்த அந்தரங்கப் படங்களை, உறவு முறிந்த பிறகு மறுதரப்பு கேட்டால் அழித்தாக வேண்டும் என்றது. அந்தச் சம்மதம் உறவு இருக்கும்வரைக்குமானது என்பது நீதிபதிகளின் கணிப்பு. தம்பதிகள் என்னிடம் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள வரும்போது இதைச் சொல்கிறேன், பிரிந்தால் கோப்புகள் என்ன ஆகும் என்று இருவரும் அன்றைக்கே எழுதித் தந்துவிட வேண்டும். சிலர் முகம் சுளிப்பார்கள். எழுதிய பிறகு இருவரும் கொஞ்சம் இலகுவாகத்தான் நிற்கிறார்கள்.

முதன்முறை மாடலாகப் போகிறவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, ஒரே ஒரு சோதனை சொல்வேன். போகும் முன்பே எதையாவது ஒன்றுக்கு "வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். சின்ன விஷயமாக இருக்கலாம்: நேரம், இடம், ஒரு போஸ். உடனே சரி என்று மாற்றிக்கொண்டால் போங்கள். ஏன் என்று கெஞ்சினாலோ, மற்ற மாடல்களெல்லாம் செய்தார்களே என்றாலோ, உங்களுக்குத் துணிச்சல் போதாது என்றாலோ போக வேண்டாம். அவர் முன்பு எடுத்த மாடல்கள் இரண்டு மூன்று பேரிடம் நீங்களே பேசுங்கள், அவர் கொடுக்கும் எண்ணில் மட்டுமல்ல, நீங்களாகத் தேடிப் பிடித்தவர்களிடமும். அவருடைய தொகுப்பில் பெண்கள் மட்டுமே நிர்வாணமாக இருந்து, ஆண்கள் எல்லோரும் கோட்டு சூட்டோடு இருந்தால் ஏனென்று கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்று கவனியுங்கள்.

ஏற்கெனவே படம் வெளியே போய்விட்டதென்றால், முதலில் எதையும் அழிக்காதீர்கள். இணைப்பு, தேதி, நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள், மிரட்டல் செய்திகளையும் சேர்த்து. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை, உங்கள் கருவியிலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண்முத்திரை உருவாகும், அது மட்டும்தான் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த முத்திரையோடு ஒத்துப்போகும் படம் வந்தால் தடுக்கப் பார்க்கும். அமெரிக்காவில் 2025 மே மாதம் கையெழுத்தான சட்டம், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் இப்படிப்பட்ட படங்களைத் தளங்கள் நீக்க வேண்டும் என்கிறது, செயற்கையாக உருவாக்கிய போலிப் படங்களுக்கும் அது பொருந்தும். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர் என்றால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லி, நேராகக் காவல்துறைக்கே போங்கள். அந்தப் படத்தை ஆதாரத்துக்காகக்கூட யாருக்கும் அனுப்பக் கூடாது. பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் கூட ஒருவர் போவது மிக அவசியம். புகார் எழுத உட்காரும் இடத்தில் முதலில் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், அப்போது பக்கத்தில் சிரிக்காத ஒருவர் இருக்க வேண்டும்.